வேதாகமத்தில் வரும் ஆலயத்தை ஸ்கேலும் பென்சிலுமாக வாசிப்பது எப்படி

வேதாகமத்தை முதல் பக்கத்திலிருந்து வரிசையாக வாசிக்கத் தொடங்குகிற நிறைய பேர் யாத்திராகமம் 25-ஆம் அதிகாரத்தில் தடுக்கி நின்றுவிடுகிறார்கள். அதுவரை கதை ஓடுகிறது, செங்கடல் பிளக்கிறது, சீனாய் மலை புகைகிறது, அப்புறம் திடீரென்று இத்தனை முழம் நீளம், இத்தனை முழம் அகலம், ஐம்பது கொக்கிகள், நாற்பத்தெட்டுப் பலகைகள். அப்படியே புரட்டிக்கொண்டு போய்விடுவார்கள். 1 இராஜாக்கள் 6, 7 அதிகாரங்களிலும் இதேதான் நடக்கும், எசேக்கியேல் 40-க்கு வருவதற்குள் பொறுமை தீர்ந்திருக்கும். ஆனால் இந்த அளவுகளைத் தாண்டிப் போகிறவர்களுக்கு சங்கீதங்களில் பாதியும், எரேமியாவின் கோபமும், சுவிசேஷங்களில் எருசலேமில் நடக்கிற காட்சிகளும் மங்கலாகத்தான் தெரியும். ஏனென்றால் அங்கே எல்லாமே ஒரு கட்டடத்தைச் சுற்றித்தான் நடக்கிறது, அந்தக் கட்டடம் நம் கண்ணுக்கு முன்னால் இல்லை.

அதைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவர ஒரு வழி சொல்கிறேன். கட்டம் போட்ட நோட்டு, பென்சில், ஸ்கேல், வேதாகமம், இவ்வளவு போதும். வரையத் தெரிய வேண்டியதில்லை, கோடு போடத் தெரிந்தால் சரி.

முதல் கேள்வி: எந்தக் கட்டடம்?

ஆலயம் என்ற சொல் வரும் ஒவ்வொரு இடத்திலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான். பலர் மனதில் ஒரே ஒரு ஆலயம் இருக்கிறது, தாவீது பாடியதும் அங்கேதான், எரேமியா கத்தியதும் அங்கேதான், இயேசு மேசைகளைக் கவிழ்த்ததும் அங்கேதான். உண்மையில் இவற்றுக்கு நடுவே ஆயிரம் வருடம் ஓடியிருக்கிறது, கட்டடமும் மாறியிருக்கிறது. தாவீதின் காலத்தில் எருசலேமில் ஆலயமே கிடையாது, அவன் கற்பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டிக்காக ஒரு கூடாரம் போட்டான், அவ்வளவுதான்.

நோட்டின் முதல் பக்கத்தில் குறுக்காக ஒரு நீளக் கோடு போட்டு இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இடது ஓரத்தில் ஆசரிப்புக் கூடாரம், அதாவது மோசே காலத்து வழிபாட்டுக் கூடாரம், வனாந்தரத்தில் தொடங்கி யோசுவா காலத்தில் சீலோ என்ற ஊரில் நிலைகொள்கிறது. அடுத்தது சாலொமோனின் ஆலயம், வழக்கமாகச் சொல்லப்படும் கணக்குப்படி கி.மு. 10-ஆம் நூற்றாண்டின் நடுவில். கி.மு. 586-ல் பாபிலோனியர் அதை எரித்தார்கள். பிறகு ஒரு வெற்றிடம். கி.மு. 515-ல் செருபாபேல் காலத்து ஆலயம் கட்டி முடிந்தது. அதை கி.மு. 20 வாக்கில் ஏரோது ராஜா பெரிய அளவில் எடுத்துக் கட்ட ஆரம்பித்தான். கி.பி. 70-ல் ரோமர்கள் அதை அழித்தார்கள். இந்தக் கோட்டுக்கு மேலே, எதோடும் சேராமல், எசேக்கியேல் தரிசனத்தில் கண்ட ஆலயம் என்று தனியாக எழுதி வையுங்கள், அது கட்டப்படவே இல்லை.

இப்போது சோதித்துப் பாருங்கள். 1 சாமுவேல் 3-ல் சிறுவன் சாமுவேல் படுத்திருக்கிற இடத்தைக் கர்த்தருடைய ஆலயம் என்று வசனம் சொல்கிறது. சாலொமோனின் தாத்தா ஈசாயின் காலத்து விஷயம் இது, ஆக இது சீலோவில் இருந்த இடம். எபிரெயர் 9-ல் முதலாம் கூடாரம், இரண்டாம் கூடாரம், பொன் பாத்திரத்தில் மன்னா என்றெல்லாம் வருகிறதே, அது ஏரோதின் ஆலயத்தைப் பற்றிய வருணனை இல்லை, மோசேயின் கூடாரத்தைப் பற்றியது. இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதிக் குழப்பம் போய்விடும். இணையத்தில் கிடைக்கிற படங்களையும் இதே கேள்வியோடு பாருங்கள். சாலொமோனின் ஆலயம் என்று போட்டு ஏரோதின் மண்டபங்களை வரைந்திருக்கும் படங்கள் ஏராளம்.

இரண்டாவது: முழத்தைச் சென்டிமீட்டராக்கி வரையுங்கள்

ஒரு முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை. எருசலேமில் எசேக்கியா காலத்துச் சுரங்கக் கால்வாய் ஒன்று இருக்கிறது, அதன் சுவரில் வெட்டியிருந்த எபிரெயக் கல்வெட்டு 1200 முழம் என்கிறது, இன்றைக்கு அளந்தால் சுமார் 533 மீட்டர் வருகிறது. வகுத்துப் பார்த்தால் முழத்துக்கு 44 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இதைவிட நீளமான, சுமார் 52 சென்டிமீட்டர் முழமும் புழக்கத்தில் இருந்தது, 2 நாளாகமம் 3:3 முந்தின காலத்து அளவு என்று குறிப்பாகவே சொல்கிறது. நாம் 45 என்று வைத்துக்கொள்வோம், கணக்கு சுலபம்.

நோட்டில் 5 முழத்துக்கு 1 சென்டிமீட்டர் என்று வைத்து, பக்கத்தைக் கிடைமட்டமாகத் திருப்பி, வலது பக்கத்தைக் கிழக்காக எடுத்துக்கொள்ளுங்கள். வாசல் கிழக்கே, மிக உள்ளே இருக்கிற அறையான மகா பரிசுத்த ஸ்தலம் மேற்கே.

முதலில் கூடாரம். வெளிப் பிராகாரம் 100-க்கு 50 முழம், அதாவது 20-க்கு 10 சென்டிமீட்டர். அதற்குள் மேற்குப் பாதியில் கூடாரம். நீளம் நேராகச் சொல்லப்படவில்லை, பலகைகளை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும்: ஒவ்வொரு பலகையும் ஒன்றரை முழம் அகலம், பக்கத்துக்கு 20 பலகை, ஆக 30 முழம். அகலம் 10 முழம் என்று கொள்வது வழக்கம். வரைந்தால் 6-க்கு 2 சென்டிமீட்டர். அதில் மேற்கு ஓரத்தில் 2-க்கு 2 கட்டம்தான் மகா பரிசுத்த ஸ்தலம்.

அடுத்த பக்கத்தில், அதே அளவுகோலில், 1 இராஜாக்கள் 6-ஐத் திறந்து வைத்துக்கொண்டு சாலொமோனின் ஆலயம். 60 முழம் நீளம், 20 முழம் அகலம், 30 முழம் உயரம். 12-க்கு 4 சென்டிமீட்டர் செவ்வகம். முன்னால் மண்டபத்துக்காக 2 சென்டிமீட்டர் சேருங்கள். உள்ளே மேற்குக் கோடியில் 4-க்கு 4 சதுரம் பிரித்தால் அது மகா பரிசுத்த ஸ்தலம், இந்த அதிகாரத்தில் சந்நிதி ஸ்தானம் என்று வருவதும் அதுதான். இப்போது முந்தின பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். நீளமும் அகலமும் கூடாரத்தைப் போல அப்படியே இரண்டு மடங்கு. யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லாமல் ஸ்கேலே இதைக் காட்டிக்கொடுக்கும், எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சாமான்களையும் போடுங்கள். மண்டபத்தின் முன்னால் யாகீன், போவாஸ் என்ற இரண்டு வெண்கலத் தூண்கள், 18 முழ உயரம், 12 முழச் சுற்றளவு. தென்கிழக்கில், பன்னிரண்டு காளைகளின் மேல், 10 முழ விட்டமுள்ள வெண்கலக் கடல், இது உங்கள் காகிதத்தில் 2 சென்டிமீட்டர் வட்டம், நிஜத்தில் நாலரை மீட்டர். வெண்கலப் பலிபீடத்தின் அளவு 1 இராஜாக்களில் இல்லை, 2 நாளாகமம் 4:1-ல் இருக்கிறது: 20-க்கு 20 முழம். அதை ஆலயத்துக்கு முன்னால் வரைந்துவிட்டு ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வெளியே எல்லார் கண்ணுக்கும் முன்னால் புகைந்துகொண்டிருக்கிற பலிபீடமும், உள்ளே யாருமே பார்க்காத மகா பரிசுத்த ஸ்தலமும் ஒரே அளவுச் சதுரம்.

உள்சதுரத்தில் ஒலிவ மரத்தில் செய்த இரண்டு கேருபீன்கள் என்ற சிறகுள்ள உருவங்கள், சிறகு ஒவ்வொன்றும் 5 முழம், நான்கு சிறகும் சேர்ந்து ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை 20 முழத்தையும் நிரப்புகின்றன. அவற்றின் கீழே உடன்படிக்கைப் பெட்டி, இரண்டரை முழத்துக்கு ஒன்றரை முழம். உங்கள் அளவுகோலில் அரை சென்டிமீட்டர்தான் வரும், பென்சிலைக் கூராகச் சீவிக்கொள்ளுங்கள்.

வரைந்து முடித்ததும் எல்லாருக்கும் தோன்றுவது, இவ்வளவு சிறியதா? ஆமாம், 27 மீட்டருக்கு 9 மீட்டர். அடுத்த அதிகாரத்தில் சாலொமோன் தனக்காகக் கட்டிய லீபனோன் வனம் என்ற மாளிகை 100-க்கு 50 முழம், ஆலயத்துக்கு ஏழு வருடம், அரண்மனைக்குப் பதின்மூன்று வருடம். இதை வைத்து ராஜாவைக் குறைசொல்கிறவர்கள் உண்டு, அதில் ஓரளவு நியாயமும் இருக்கிறது என்பேன், ஆனால் ஆலயம் சிறியதாக இருந்ததற்கு வேறு காரணம். மக்கள் உள்ளே கூடுவதற்காகக் கட்டிய இடமே இல்லை அது. அது கர்த்தரின் வீடு. ஜனங்கள் நின்றது வெளியே பிராகாரத்தில், திறந்த வானத்தின் கீழே. இதை மறந்துவிட்டு வாசித்தால் ஆலயத்தில் நடக்கிற எந்தக் காட்சியும் சரியாக அமையாது.

மண்டபம், நடு அறை, உள் அறை என்கிற இந்த மூன்று பகுதி அமைப்பு அக்கம்பக்கத்து நாடுகளிலும் இருந்தது. சிரியாவின் வடக்கில் ஐன் தாரா என்ற இடத்துக் கோயில் இதற்கு மிக நெருக்கமான உதாரணமாகச் சொல்லப்படுகிறது, 2018 ஜனவரியில் விமானக் குண்டுவீச்சில் அது பெரும் சேதமடைந்தது. சாலொமோனின் தச்சர்களும் வெண்கல வார்ப்பு வேலைக்காரனும் தீரு நாட்டோடு தொடர்புள்ளவர்கள் என்று வேதாகமமே சொல்வதால் இந்த ஒற்றுமையில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. உள்ளே என்ன இருந்தது என்பதில்தான் வித்தியாசம்: மற்றக் கோயில்களின் உள் அறையில் தெய்வத்தின் உருவம் நிற்கும், இங்கே இருந்தது ஒரு பெட்டி, அதற்குள் இரண்டு கற்பலகைகள்.

அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராத இடங்கள் வரும். வெண்கலக் கடல் 1 இராஜாக்களில் 2000 குடம், 2 நாளாகமத்தில் 3000 குடம். தூணின் உச்சியில் இருக்கும் கும்பம் ஓரிடத்தில் 5 முழம், 2 இராஜாக்கள் 25-ல் 3 முழம். இரண்டையும் எழுதி வையுங்கள், அவசரப்பட்டு ஒன்றை அடிக்க வேண்டாம்.

மூன்றாவது: ஆள் எங்கே நிற்கிறார்?

படம் கையில் வந்தபிறகு, ஒவ்வொரு காட்சியிலும் மனிதர்களைப் படத்தில் ஒரு புள்ளியாக வையுங்கள். வெளியிலிருந்து உள்ளே போகப் போக உலோகம்கூட மாறுவதைக் கவனியுங்கள்: பிராகாரத்தில் வெண்கலம், உள்ளே பொன். ஆட்களும் குறைந்துகொண்டே போவார்கள். பிராகாரத்தில் ஜனங்கள், பரிசுத்த ஸ்தலத்தில் ஆசாரியர்கள் மட்டும், மகா பரிசுத்த ஸ்தலத்தில் பிரதான ஆசாரியன் ஒருவன், வருடத்தில் ஒரே நாள்.

புதிய ஏற்பாட்டுக்கு ஏரோது கட்டியதன் படம் வேண்டும். அது பெரியது, இன்றைக்கும் இருக்கிற அந்த மேடை சுமார் 480 மீட்டர் நீளமும் 300 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உள்ளது, அதனால் அளவெல்லாம் பார்க்க வேண்டாம், ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டங்கள் போட்டால் போதும். எல்லாருக்கும் வெளிப்பிராகாரம், பிறகு ஒரு தாழ்ந்த தடுப்புச்சுவர், அதைத் தாண்டி ஸ்திரீகளின் பிராகாரம், பிறகு இஸ்ரவேல் ஆண்களுக்கான இடம், ஆசாரியரின் இடம், பலிபீடம், கடைசியில் ஆலயம்.

இப்போது லூக்கா 1-ஐ எடுங்கள். சகரியாவுக்குத் தூபங்காட்டச் சீட்டு விழுகிறது. அவர் இருபத்துநான்கு ஆசாரிய வகுப்புகளில் அபியாவின் வகுப்பைச் சேர்ந்தவர், 1 நாளாகமம் 24-ல் அது எட்டாவது. அவர் புள்ளி பரிசுத்த ஸ்தலத்துக்குள், தூபபீடத்துக்கு முன்னால், தனியாக. ஜனங்களின் புள்ளிகள் எல்லாம் வெளியே. அவர் தாமதித்தபோது வெளியில் நின்றவர்கள் ஏன் அப்படித் தவித்தார்கள் என்பது இப்போது புரியும், உள்ளே என்ன நடக்கிறதென்று அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

ஏழை விதவை இரண்டு காசு போட்டது காணிக்கைப் பெட்டி இருந்த இடத்தில், ஸ்திரீகளின் பிராகாரத்தில். மேசைகள் கவிழ்ந்தது வெளிப்பிராகாரத்தில். அப்போஸ்தலர் 21-க்கு வந்தால் அந்தத் தாழ்ந்த தடுப்புச்சுவர்தான் மொத்தக் கதையும். எபேசியனாகிய துரோப்பீமுவை பவுல் அதற்கு உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்துத்தான் கலகம் வெடிக்கிறது. அந்தச் சுவரில் கிரேக்கத்தில் பொறித்திருந்த எச்சரிக்கைக் கல் ஒன்று 1871-ல் முழுதாகக் கிடைத்தது, இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேற்று இனத்தான் எவனும் இந்தத் தடுப்பைத் தாண்டக் கூடாது, மீறிப் பிடிபட்டால் அவன் சாவுக்கு அவனே பொறுப்பு என்பது அதன் சாரம். இதை அறிந்த பிறகு எபேசியர் 2:14-ல் நடுச்சுவரைத் தகர்த்தார் என்று வரும் இடத்தை வாசித்துப் பாருங்கள்.

நான்காவது: பலியை ஒரு வேலையாகப் பாருங்கள்

லேவியராகமம் கடினம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். முதல் அதிகாரத்தை எடுத்து, பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்து, பலி கொண்டுவந்தவன் என்ன செய்கிறான், ஆசாரியன் என்ன செய்கிறான் என்று எழுதுங்கள். கொண்டுவந்தவன்தான் மிருகத்தின் தலையில் கையை வைக்கிறான், அவனே அதைக் கொல்கிறான், அவனே தோலை உரித்துத் துண்டிக்கிறான். ஆசாரியன் இரத்தத்தையும் நெருப்பையும் பார்த்துக்கொள்கிறான். ஆசாரியனிடம் கொடுத்துவிட்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிற சடங்கு இல்லை இது, வந்தவன் கையெல்லாம் இரத்தம்.

அப்புறம் ஐந்து வகைப் பலிகளையும் ஒரே ஒரு கேள்வியால் பிரித்துக்கொள்ளுங்கள்: இறைச்சியை யார் சாப்பிடுகிறார்கள்? சர்வாங்க தகனபலியில் யாரும் இல்லை, தோல் மட்டும் ஆசாரியனுக்கு, மற்றதெல்லாம் எரிந்துவிடும். போஜனபலியில் இறைச்சியே கிடையாது, மாவும் எண்ணெயும், ஒரு கைப்பிடி எரிந்தபின் மீதி ஆசாரியருக்கு. பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி இரண்டிலும் பெரும்பாலும் ஆசாரியர்கள். சமாதானபலியில் கொழுப்பு கர்த்தருக்கு, மார்க்கண்டம் என்ற நெஞ்சுப் பகுதியும் வலது முன்னந்தொடையும் ஆசாரியனுக்கு, மீதி முழுவதும் கொண்டுவந்த குடும்பத்துக்கு. நன்றிப் பலியானால் அன்றைக்கே தின்று தீர்க்க வேண்டும், மறுநாளுக்கு வைக்கக் கூடாது. ஒரு முழு ஆட்டை ஒரே நாளில் ஒரு குடும்பம் எப்படித் தின்று தீர்க்கும்? ஆட்களைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். சங்கீதம் 22-ன் பிற்பகுதியில் பொருத்தனையை, அதாவது நேர்ச்சையை, பற்றிப் பேசிவிட்டு உடனே எளியவர்கள் சாப்பிட்டுத் திருப்தியடைவார்கள் என்று வருவதை இந்தப் பின்னணியில் வாசியுங்கள்.

இது தெரிந்தால் சீலோவில் ஆசாரியனாக இருந்த ஏலியின் பிள்ளைகள் செய்த அக்கிரமமும் விளங்கும். 1 சாமுவேல் 2-ல் இறைச்சி வேகும்போதே அவர்களுடைய வேலைக்காரன் முக்கூருள்ள ஆயுதத்தைக் குத்தி, அதில் வருகிறதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறான், கொழுப்பு எரிவதற்கு முன்னாலேயே பச்சை இறைச்சி கேட்டு மிரட்டுகிறான். ஆசாரியருக்கு என்று சட்டம் ஒரு பங்கு வைத்திருக்கிறது, இவர்கள் ஜனங்களின் பங்கிலும் கர்த்தரின் பங்கிலும் கை வைக்கிறார்கள். லேவியராகமம் 7 தெரியாதவருக்கு அது ஏதோ சாப்பாட்டுத் தகராறு மாதிரித் தெரியும்.

வசதி இல்லாதவருக்கு என்ன விதி என்பதையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஆடு முடியாவிட்டால் இரண்டு புறா, சில பாவநிவாரணபலிகளில் அதுவும் முடியாவிட்டால் எப்பா என்ற தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு போதும். மரியாளும் யோசேப்பும் குழந்தையோடு வந்தபோது கொடுத்தது புறா ஜோடி என்று லூக்கா 2:24 சொல்கிறது, அவர்கள் நிலைமை என்னவென்று அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது. லேவியராகமம் 16-ஐ, பாவநிவிர்த்தி நாளை, எல்லாவற்றுக்கும் கடைசியில் படியுங்கள், பிரதான ஆசாரியன் நடக்கிற வழியைப் படத்தில் பென்சிலால் இழுத்துக்கொண்டே போங்கள், ஒரு வெள்ளாட்டின் இரத்தம் மேற்கே உள்ளறைக்குப் போவதும் மற்ற வெள்ளாடு உயிரோடு வனாந்தரத்துக்குப் போவதும் கோடாகவே தெரியும்.

ஐந்தாவது: பொன் எங்கே போகிறது என்று பின்தொடருங்கள்

இராஜாக்களின் புத்தகம் பெயர்களின் நெரிசலாகத் தோன்றினால் இந்த வழியை முயன்று பாருங்கள். ஆலயத்திலிருந்து பொன்னோ வெள்ளியோ வெளியே போகும் ஒவ்வொரு வசனத்தையும் ஒரே நிறத்தில் கோடிடுங்கள்.

சாலொமோன் இறந்து மகன் ரெகொபெயாம் ஆட்சிக்கு வந்த ஐந்தாம் வருடமே எகிப்தின் சீஷாக் வந்து அள்ளிக்கொண்டு போகிறான். பொன் கேடகங்களும் போயின, அவற்றுக்குப் பதிலாக ரெகொபெயாம் வெண்கலக் கேடகங்களைச் செய்துவைத்தான். ராஜா ஆலயத்துக்கு வரும்போது காவலர்கள் அந்த வெண்கலத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள், பிறகு அறையில் திரும்ப வைப்பார்கள், மரியாதை அணிவகுப்பு மட்டும் குறையவில்லை. பிறகு வந்த யூதா ராஜாக்களும் இப்படித்தான். ஆசா மீதமிருந்த வெள்ளியையும் பொன்னையும் சிரியாவின் பெனாதாத்துக்கு அனுப்புகிறான். யோவாஸ் சிரியாவின் ஆசகேலுக்குக் கொடுக்கிறான். அமத்சியா வடக்கே தனி ராஜ்யமாகியிருந்த இஸ்ரவேலின் ராஜாவிடம் தோற்றதில் ஒரு கொள்ளை. ஆகாஸ் அசீரியாவுக்குக் கப்பம் கட்டுகிறான், வெண்கலக் கடலைக் காளைகள் மேலிருந்து இறக்கிக் கற்தளத்தின்மேல் வைக்கிறான். நல்ல ராஜா என்று பெயரெடுத்த எசேக்கியாகூட அசீரிய ராஜா சனகெரிப் கேட்ட 300 தாலந்து (ஒரு எடை அளவு) வெள்ளிக்கும் 30 தாலந்து பொன்னுக்குமாக, தான் தகடு வேய்ந்த ஆலயக் கதவுகளையே உரித்துக் கொடுக்க வேண்டி வந்தது. கடைசியில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார். யாகீனையும் போவாஸையும் உடைத்து வெண்கலமாகக் கொண்டுபோனார்கள், எரேமியா 52-ல் அந்தத் தூண்கள் உள்ளே குடைவாக, நாலு விரற்கடை கனமாக இருந்தன என்று சொல்லியிருக்கிறது. உடைத்த பிறகுதான் கனம் எல்லார் கண்ணிலும் பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

எதிர்த் திசையில், பொன்னும் பணமும் உள்ளே வரும் வசனங்களுக்கு வேறு நிறம். 2 இராஜாக்கள் 12-ல் யோய்தா என்ற ஆசாரியன் ஒரு பெட்டியின் மூடியில் துவாரம் போட்டு பலிபீடத்துக்கு அருகே வைக்கிறான், சேர்ந்த பணம் தச்சருக்கும் கல்தச்சருக்கும் போகிறது, அவர்கள் உண்மையாய் நடந்ததால் கணக்குக் கேட்கவில்லை. யோசியாவின் 18-ஆம் வருடத்தில் இதே மாதிரி பழுதுபார்க்கும் வேலையின்போதுதான் பிரதான ஆசாரியன் இல்க்கியா நியாயப்பிரமாண புத்தகத்தைக் கண்டெடுத்தான். எஸ்றா 1-ல் பாபிலோனிலிருந்து 5400 பணிமுட்டுகள், அதாவது ஆலயத்துப் பாத்திரங்கள், திரும்பி வருகின்றன. நடுவே தானியேல் 5-ல் பெல்ஷாத்சார் விருந்தில் குடித்தது அந்தப் பாத்திரங்களில்தான், அந்த அதிகாரத்தையும் கோடிட மறக்காதீர்கள்.

கட்டட வேலைக்கான விலையை மக்கள் எப்படிக் கொடுத்தார்கள் என்பதற்கும் ஒரு ஜோடி வசனம்: 1 இராஜாக்கள் 5:13-ல் சாலொமோன் 30000 பேரைக் கட்டாய வேலைக்குப் பிடிக்கிறான், 12:4-ல் ஜனங்கள் ரெகொபெயாமிடம் வந்து உம்முடைய தகப்பன் பாரமான நுகத்தை வைத்தார் என்கிறார்கள். ராஜ்யம் இரண்டாக உடைந்தது அங்கே.

இதையெல்லாம் கோடிட்ட பிறகு எரேமியா 7-க்குப் போங்கள். ஆலயம் இருக்கிறது, நமக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பிக்கொண்டிருந்தவர்களிடம், ஆலய வாசலிலேயே நின்று, சீலோவுக்குப் போய்ப் பாருங்கள், அதற்கு நான் செய்ததைப் பாருங்கள் என்று, கூடாரம் இருந்தும் பாழாய்ப்போன ஊரைக் காட்டிச் சொல்கிற துணிச்சல். முதல் பக்கத்துக் கோட்டில் சீலோவைக் குறித்து வைத்தவருக்குத்தான் இந்த வார்த்தையின் சூடு தெரியும்.

இரண்டாம் ஆலயம், மண்ணில் கிடைத்தவை

எஸ்றா 3-ஐ வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அவர்கள் முதலில் கட்டியது பலிபீடத்தை, அஸ்திபாரம் பிறகுதான். அஸ்திபாரம் போட்ட நாளில் பழைய ஆலயத்தைக் கண்டிருந்த முதியவர்கள் அழ, மற்றப் பலர் ஆர்ப்பரிக்க, எது அழுகை எது மகிழ்ச்சி என்று பிரித்தறிய முடியவில்லை. பிறகு வேலை நின்றுபோனது, கி.மு. 520-ல் ஆகாய் தீர்க்கதரிசி வந்து உங்கள் வீடுகளுக்கு மட்டும் மச்சுப்பாவிய கூரையா என்று கேட்கும் வரை. இந்த ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலத்தை வரையும்போது பெட்டியைப் போடாதீர்கள், அது அங்கே இல்லை. கி.மு. 63-ல் ரோமத் தளபதி பொம்பேயு உள்ளே நுழைந்து பார்த்தபோது தெய்வ உருவம் எதுவும் இல்லாத வெறும் அறையைத்தான் கண்டான். அதற்கு நூறு வருடம் முன்பு, கி.மு. 167-ல் சிரியாவை ஆண்ட கிரேக்க ராஜா நான்காம் அந்தியோக்கு பலிபீடத்தைத் தீட்டுப்படுத்தியதும், கி.மு. 164-ல் யூதா மக்கபே அதைச் சுத்திகரித்ததும் தெரிந்தால்தான் யோவான் 10:22-ல் வரும் தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகை எது என்று புரியும்.

ஏரோதின் வேலைக்காக ஆயிரம் ஆசாரியர்களுக்குக் கட்டட வேலை கற்றுக்கொடுத்தார்கள் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார், ஆசாரியர் அல்லாதவர் கால் படக் கூடாத இடத்தில் வேறு யார் கல் வைப்பது? யோவான் 2:20-ல் நாற்பத்தாறு வருடம் என்று சொல்லும்போதும் வேலை முடியவில்லை. கடைசியாக முடிந்து சில வருடங்களிலேயே கி.பி. 70 வந்துவிட்டது.

மண்ணில் கிடைத்ததைப் பொறுத்தவரை ஒரு தெளிவு வேண்டும். சாலொமோனின் ஆலயக் கட்டடத்தின் எந்தப் பகுதியும் கிடைக்கவில்லை, அந்த மேடையின்மேல் இன்றைக்கும் வழிபாட்டுத் தலங்கள் இருப்பதால் முறையான அகழாய்வு நடந்ததும் இல்லை. யூதர்கள் ஜெபிக்கும் மேற்குச் சுவர், ஏரோது எழுப்பிய மேடையைத் தாங்கும் சுவர், ஆலயத்தின் சுவர் இல்லை. மேடையின் தென்மேற்கு மூலைக்குக் கீழே எக்காளம் ஊதும் இடத்துக்கு என்று எபிரெயத்தில் பொறித்த கல் 1968-ல் கிடைத்தது, மேலிருந்து விழுந்த கல். ரோமில் தீத்துவின் வளைவில் குத்துவிளக்கையும் அப்பங்களை வைக்கும் சமுகத்தப்ப மேசையையும் எக்காளங்களையும் வீரர்கள் தூக்கிப் போகிற சிற்பத்தை ஒருமுறை படத்திலாவது நன்றாகப் பாருங்கள். எருசலேமுக்கு வெளியேயும் ஆலயங்கள் இருந்தன: யூதாவின் ஆராத் கோட்டைக்குள் ஒன்று தோண்டி எடுக்கப்பட்டது, எகிப்தில் நைல் நதித் தீவான எலிபன்டைனில் யூதர்களுக்கு இருந்த ஆலயம் கி.மு. 410-ல் இடிக்கப்பட்டு, அதைத் திரும்பக் கட்ட அனுமதி கேட்டு கி.மு. 407-ல் எழுதிய கடிதம் நம் கையில் இருக்கிறது. கெரிசீம் மலைமேல் சமாரியருக்கு இருந்ததையும் சேர்த்துக்கொண்டால் யோவான் 4-ல் கிணற்றடிப் பெண் இந்த மலையா, எருசலேமா என்று கேட்டது பேச்சை மாற்றுவதற்காக இல்லை என்று தெரியும், அது உயிருள்ள சண்டை.

எசேக்கியேல் 40 முதல் 48 வரை கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முழம் வேறு, ஒரு முழத்தோடு நான்கு விரற்கடை கூட, அதாவது நீள முழம், கோலுக்கு ஆறு முழம், அதனால் புதிய பக்கத்தில் புதிய அளவுகோல். முதலில் 41-ஆம் அதிகாரத்து உள்ளறைகளை வரைந்து சரிபாருங்கள், 40-க்கு 20, பிறகு 20-க்கு 20, சாலொமோனின் அதே எண்கள் வர வேண்டும். வாசல்களை அதற்குப் பிறகு சேர்க்கலாம். காகிதத்தில் கிழக்குப் பக்கம் நிறைய இடம் விட்டு ஆரம்பியுங்கள், 47-ல் வாசற்படியின் கீழிருந்து புறப்படுகிற தண்ணீர் அந்தப் பக்கம்தான் போகிறது, ஆயிரம் முழத்துக்கு ஒருமுறை ஆழம் கூடிக்கொண்டே, நாலாயிரம் முழத்தில் நீந்தித்தான் கடக்க வேண்டும் என்கிற அளவுக்கு, அதற்கு இன்னும் இரண்டு மூன்று தாள் ஒட்ட வேண்டியிருக்கும்.